எல்லாப் பழியும் அம்மா தலையிலா?

சென்ற இதழில் முன்னாள் கல்வி அதிகாரி ஒருவர் குழந்தை வளர்ப்பைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார். இன்றைய பிள்ளைகளுக்கு உடம்பில் தெம்பில்லை, ஐந்தாம் வகுப்பிலேயே கண்ணாடி, ஏழாம் வகுப்பிலேயே தொந்தி, காய்கறி என்றால் முகச்சுளிப்பு, கையில் எந்நேரமும் செல்போன் என்று அடுக்கிவிட்டு, குற்றவாளியையும் அவரே பிடித்துக் கொடுத்துவிட்டார். அம்மா. சமைக்கச் சோம்பல்படுகிற, போனைக் கொடுத்துப் பிள்ளையை அடக்குகிற, அடிக்கத் தெரியாத இன்றைய அம்மா. தீர்ப்பும் தயார். அவள் அடுப்படிக்குத் திரும்ப வேண்டும், பிள்ளை முதுகில் அவ்வப்போது இரண்டு வைக்க வேண்டும், காலையில் கம்பங்கூழ் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான், தலைமுறை தேறிவிடும்.

நான்கு பக்கத்தில் அப்பா ஒரே ஒரு இடத்தில் தலைகாட்டுகிறார். வேலை முடிந்து, களைத்துப்போய், வீட்டுக்கு வரும் இடத்தில்.

அவர் அடுக்கிய பிரச்சினைகள் எல்லாம் உண்மை. அவற்றை யாரும் மறுக்கவில்லை. லான்செட் ஏட்டில் 2024இல் வெளியான உலகளாவிய ஆய்வு, 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் சுமார் 1.25 கோடிப் பேருக்கு உடல்பருமன் என்று மதிப்பிட்டது. 1990இல் இது நான்கு லட்சம் அளவில்தான் இருந்தது. முப்பது ஆண்டில் முப்பது மடங்கு. இதற்குத் தாயின் சோம்பல்தான் காரணம் என்றால், இந்த நாட்டுத் தாய்மார்கள் எல்லாரும் 1990க்குப் பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, கூடிப் பேசி, சோம்பேறிகளாகிவிட முடிவெடுத்தார்கள் என்று நாம் நம்பியாக வேண்டும். முப்பது ஆண்டில் மாறியது அம்மாவின் குணமா, அல்லது கடையும் தெருவும் பள்ளியும் வீட்டு நேரமுமா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கட்டுரையை அவர் வேறு மாதிரி எழுதியிருப்பார். யோசிக்காமல் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். அம்மாக்கள் எந்தக் காலத்தில் மறுப்புக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்?

முதலில் அவர் சொல்லும் பொற்காலத்தைப் பார்த்துவிடுவோம். அவர் சிறுவனாக இருந்தபோது பிள்ளைகள் பழைய சோறு தின்று, தெருவில் புரண்டு, இரும்புபோல இருந்தார்களாம். 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் அந்த எண் 28. தமிழ்நாட்டில் 13. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஐம்பதைத் தொடவில்லை. ‘எட்டுப் பெத்தேன், அஞ்சு தங்குச்சு’ என்று பாட்டிகள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார்களே, அந்த மூன்றும் எந்தக் கணக்கில் சேரும்? பிழைத்தவர்கள் மட்டும் உட்கார்ந்து எங்கள் காலத்தில் எல்லாரும் நன்றாக இருந்தோம் என்று பேசுகிறார்கள். பிழைக்காதவர்கள் கட்டுரை எழுதுவதில்லை.

சரி, பிழைத்த இரும்புகளாவது துருப்பிடிக்காமல் இருக்கின்றனவா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். 2019 - 21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். இவர்களில் பெரும்பகுதியினர் பிஸ்ஸா என்ற பெயரையே கேட்காமல், கூழ் குடித்து, பிரம்படி பட்டு வளர்ந்தவர்கள்தான். பள்ளிக்கு நாலு மைல் நடந்த கால்கள், பைக் வாங்கிய மறுநாளே தெருமுனைக் கடைக்கு நடக்க மறந்துவிட்டன. அன்று நடந்ததற்குக் காரணம் ஒழுக்கம் இல்லை, பஸ் இல்லை. அன்று எண்ணெய்ப் பலகாரம் தின்னாததற்குக் காரணம் மனக்கட்டுப்பாடு இல்லை, தீபாவளி வருடத்துக்கு ஒருமுறைதான் வந்தது. வறுமை கட்டிப்போட்டதைத் தன் சாதனை என்று எண்ணிக்கொண்டவர்கள், கட்டு அவிழ்ந்ததும் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதை ஊரிலுள்ள சர்க்கரை நோய் மருத்துவமனைகளின் காத்திருப்பு வரிசையே சொல்லும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நம் குழந்தைகள் எடையில் சராசரி 2.7 கிலோ, அவர்கள் 3.5 கிலோ. தசை குறைவு, உள்ளுறுப்புகள் சிறியவை. ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் கொழுப்பு. இப்படிப் பிறக்கும் பிள்ளை பின்னால் வயிறாரத் தின்னும் காலம் வரும்போது சர்க்கரை நோய் சீக்கிரம் வருகிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருந்ததைக் கடைசியாக வழித்துத் தின்ற பெண்களின் வயிற்றில் பிறந்ததன் பலன் இது. பொற்காலத்துச் சமையலறையைப் பற்றி உருகுகிறவர்கள் அங்கே யார் கடைசியாகச் சாப்பிட்டார்கள் என்று கேட்பதே இல்லை.

இப்போது சோம்பேறி அம்மாவுக்கு வருவோம். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்களில் வீட்டு வேலை செய்கிறவர்களே குறைவு. அப்படிச் செய்கிறவர்களும் செலவிடுவது 88 நிமிடம். ஐந்து மணி நேரத்தைத் தொடுகிறவள் சோம்பேறி, ஒன்றரை மணி நேரத்தை எட்டாதவர் களைத்துப் போனவர். கணக்குப் பாடத்தில் இந்தப் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது.

பள்ளி வேன் ஏழேகாலுக்கு வரும் வீட்டில் கட்டுரையாளருடைய ஒரு காலைப்பொழுது கழியட்டும். ஐந்தரைக்கு எழுந்து அரிசியைக் களைந்து வைக்க வேண்டும். பெரியவனுக்கு மதிய டப்பா, சின்னவளுக்கு மதிய டப்பா, இருவருக்கும் ஸ்நாக்ஸ் டப்பா, கணவருக்கு ஒரு கேரியர், மாமனாருக்கு உப்பில்லாமல் தனியாக. இதற்கு நடுவே ஒருத்திக்குத் தலை பின்ன வேண்டும், ஒருவனுக்குச் சாக்ஸ் தேட வேண்டும். ஸ்நாக்ஸ் டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டல் வைக்க முதல்நாள் இரவே நினைவாக ஊறப்போட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டால்? ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் போடத்தான் வேண்டும். அந்த பிஸ்கட்டைத்தான் கட்டுரையாளர் பார்க்கிறார். மற்ற நாலு டப்பாவும் அவர் கண்ணில் படவில்லை.

இதைவிட மோசமான ஒரு பத்தியும் அதில் இருக்கிறது. அரசின் காலை உணவுத் திட்டம் தாய்மார்களை இன்னும் சோம்பேறிகளாக்கிவிட்டது என்கிறார். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த திட்டம் அது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். பனியன் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் நூறு நாள் வேலைக்கும் விடிகிற நேரத்தில் கிளம்பும் பெண்ணின் பிள்ளை அதற்கு முன்பு காலையில் என்ன சாப்பிட்டது என்று இவருக்குத் தெரியும். தெரியாது என்றால் கல்வித் துறையில் என்ன உத்தியோகம் பார்த்தார்? பசியோடு பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தாத தலைமையாசிரியர் இந்த மாநிலத்தில் உண்டா? 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. காமராஜர் ஆட்சியில் 1956இல் அது மாநிலம் முழுக்கப் பரவியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது வீண்செலவு என்று பேசியவர்கள் இருந்தார்கள். பிறகு முட்டை வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், சாப்பாடு போட்டால் ஏழை கெட்டுப்போவான் என்று கவலைப்பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அவர்கள் யாருமே பட்டினி கிடந்ததாகத் தகவல் இல்லை.

கட்டுரையாளர் பார்க்காமல் விட்ட இடம் பள்ளிக்கூட வாசல். மாலை நாலு பத்துக்கு அங்கே நின்று பாருங்கள். பெட்டிக்கடையின் முகப்பையே மறைத்துக்கொண்டு பளபளக்கும் பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கும். மேல் வரிசை பத்து ரூபாய், கீழ் வரிசை ஐந்து ரூபாய். கீழ் வரிசை சரியாக மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கும். தற்செயலாக அப்படி இருப்பதாக நினைக்க வேண்டாம். ஓரிரு பாக்கெட்டில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் உண்டு. அதே கடையில் மூலையில் கறுத்துப்போன வாழைப்பழத் தார் ஒன்று தொங்கும். ஒரு பழம் ஏழு, எட்டு ரூபாய். அதில் பொம்மை கிடையாது. கையில் பத்து ரூபாயோடு வரும் ஒன்பது வயதுப் பிள்ளை எதை எடுக்கும் என்று நாம் எல்லாரும் அறிவோம். பாக்கெட்டைச் செய்தவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதிமுறையே வெளியிட்டுவிட்டது. ஐம்பது மீட்டர் என்பது ஒரு ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் நீளம். அந்தத் தூரத்துக்குள் உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை கடை இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெட்டிக்கடைக்காரரைப் பிடித்து அபராதம் போடச் சொல்லவில்லை. அவரும் பிழைக்க வந்தவர். ஆனால் அந்த விதி வந்தபோதோ அதற்குப் பிறகோ, அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி எந்தக் கல்வி அதிகாரி எழுதிய சுற்றறிக்கையும் அம்மாவின் சோம்பல் அளவுக்குப் பத்திரிகையில் பேசப்படவில்லை.

விலைக்கும் ஒரு கதை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், மிக்சர் வகைகள், உடனடி நூடுல்ஸ் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. முன்பு 12, 18 என்று இருந்தது. கோலா வகைகளுக்கு மட்டும் 40 சதவீதம் வைத்திருக்கிறார்கள். நடுத்தர வர்க்கத்துக்குச் சலுகை என்று கைதட்டினோம். பிரிட்டனில் 2018இல் குளிர்பானச் சர்க்கரைக்கு, அளவுக்கேற்ப வரி போட்டார்கள். வரியிலிருந்து தப்பிக்கக் கம்பெனிகளே சர்க்கரையைக் குறைத்தன. அங்கே எந்த அம்மாவும் திருந்தவில்லை, பானம்தான் திருந்தியது. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டின் முகத்தில் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். பிள்ளைகளைக் கவரும் கார்ட்டூன் மிருகங்களை அந்தப் பெட்டிகளிலிருந்து துரத்திவிட்டார்கள். நம் ஊர் பாக்கெட்டில் சர்க்கரை அளவைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும். கிடைத்தாலும் நூறு கிராமுக்கு எத்தனை என்று போட்டிருக்கும். பாக்கெட்டோ முப்பத்தெட்டு கிராம். வகுத்துப் பார்த்துக்கொள் தாயே என்கிறார்கள்.

பொறுப்பான அம்மா என்றால் யார் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததே தொலைக்காட்சி விளம்பரம்தான். அவள் பளிச்சென்று சிரித்துக்கொண்டு பாலில் பழுப்புப் பொடி கலக்குவாள். பிள்ளை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையோடு திரும்பி வருவான். அந்த வகைப் பொடிகளில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்று 2023இல் பெரிய சர்ச்சை கிளம்பியது. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொன்னது 2024 ஏப்ரலில். அதே மாதம், ஐரோப்பாவில் சர்க்கரை சேர்க்காமல் விற்கும் கைக்குழந்தைக் கூழை இந்தியாவில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ மூன்று கிராம் சர்க்கரையோடு நெஸ்லே விற்பதாக ஸ்விட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு அறிக்கை வெளியிட்டது. ஆறு மாதக் குழந்தைக்கு நாக்கில் இனிப்பைத் தடவிப் பழக்கியது யார்? மருந்துக்கடையில் விலை கொடுத்து, டப்பாவில் போட்டிருந்தபடி அளந்து, கரண்டியால் ஊட்டியவளா? நல்ல அம்மாவாக இருக்கத்தான் அவள் அதை வாங்கினாள். இப்போது கெட்ட அம்மா என்ற பட்டத்தையும் அவளே வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடி விஷயத்துக்கு வருகிறேன். பயம் இருந்தால் பிள்ளை எதையும் சாப்பிடும் என்கிறார். பயம் இருந்தால் பிள்ளை எதையும் விழுங்கும். சாப்பிடப் பழகாது. அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற உளவியலாளர் பல வருடம் இதையே ஆராய்ந்தவர். அவர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் குடிக்கும்போது ‘குடித்து முடி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இன்னொன்றுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வற்புறுத்தாத சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தன. வற்புறுத்திய சூப்பைப் பற்றித்தான் அதிகம் குறை கூறின. அதற்கு முன்பே, 1999இல், ஒரு தின்பண்டத்தைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு எடுக்கக் கூடாது என்று தடுத்துப் பார்த்தார்கள். தடுக்கப்பட்ட பண்டத்தின் மேல்தான் பிள்ளைகளின் கவனமெல்லாம் போயிற்று. நம் வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்த முறுக்கு டப்பா இதைத் தலைமுறை தலைமுறையாக நிரூபித்துக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் அடிகூட வேண்டாம், அன்பே போதும். ‘இன்னும் ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய்’ என்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி வரை துரத்துவோம். பூச்சாண்டியைக் கூப்பிடுவோம், போலீஸைக் கூப்பிடுவோம். வயிறு நிறைந்துவிட்டது என்று அந்தச் சின்ன உடம்பு சொல்வதை நம்பாமல், கிண்ணம் காலியாவதை நம்புகிறோம். போதும் என்று தன் உடம்பு சொல்வதைக் கேட்காதிருக்க மூன்று வயதில் பழக்கிவிட்டு, பதிமூன்று வயதில் ‘அளவாகச் சாப்பிடத் தெரியாதா’ என்று திட்டுவது என்ன நியாயம்? எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் இந்த வேலையைப் பெரியவர்களுக்கும் பிள்ளைக்குமாகப் பங்கு பிரித்துக் கொடுத்தார். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் பெரியவர் பாடு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளை பாடு. எழுதும்போது சுலபம். பாகற்காய்ப் பொரியலைத் தட்டோரத்தில் ஒரு கரண்டி வைத்துவிட்டு, பிள்ளை அதைத் தொடாமல் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க வேண்டும். அடுத்த வாரமும் அப்படியே. பழகாத ஒரு காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறை, சில சமயம் பதினைந்து முறைகூட அது தட்டில் வந்து போக வேண்டும் என்கிறார்கள். பிரம்பை எடுப்பதற்கு இந்த அளவு பொறுமை வேண்டியதில்லை. யார் சோம்பேறி என்று இங்கேதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. ‘வெண்டைக்காய் சாப்பிட்டால் சாக்லேட்’ என்ற பேரமும் இதே ரகம். வெண்டைக்காய் ஒரு தண்டனை, சாக்லேட் அதிலிருந்து விடுதலை என்று நாமே வகுப்பெடுக்கிறோம்.

இனி அவருடைய சொந்த இலாகா. ஒரு பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பாதியைத் தின்னும் இடம் பள்ளிக்கூடம். வாழ்நாள் முழுக்க அங்கேயே உத்தியோகம் பார்த்தவர் எழுதிய நான்கு பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் இருக்கும். ஜூனில் நடக்கும். ஜூலையில் கணக்கு ஆசிரியர் ‘போர்ஷன் முடியல’ என்று ஒன்றைக் கடன் வாங்குவார். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு இரண்டும் அவர் பேருக்கே பட்டா ஆகிவிடும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கேட்கவே வேண்டாம். பி.டி. மாஸ்டர் பிரேயரில் விசில் ஊதவும், தாமதமாக வந்தவனை முட்டி போட வைக்கவும், குடியரசு தின அணிவகுப்புக்கும்தான் மிச்சம். பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த மாநிலம் இது. நாளுக்குச் சராசரி அறுபது நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இந்த வயதினருக்குச் சொல்கிறது. எந்த அறுபது நிமிடம்? காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்பெஷல் கிளாஸ், அதன் பின் டியூஷன். ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ பேனர் கட்டச் சொல்லித் தலைமையாசிரியர்களை விரட்டியது அம்மாக்களா, அதிகாரிகளா?

கண்ணாடிக்கும் செல்போனைக் காட்டிவிட்டார். பாதி விடைதான் அது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வெளிச்சத்தில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்துக் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் 30.4 சதவீதம். அப்படி வெளியே விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். போனைப் பிடுங்குவதோடு பிள்ளையை வெயிலுக்கும் அனுப்ப வேண்டும். அதற்குத்தான் பீரியட் இல்லையே. வீட்டுப்பாடத்தையே வாட்ஸ்அப் குழுவில் இரவு எட்டரைக்கு அனுப்பும் பள்ளிகள், பிள்ளை கையில் ஏன் போன் இருக்கிறது என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பதைப் போன்ற வேடிக்கை வேறில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து எழுதி முடித்துப் படுத்து, வேனுக்கு எழும் பிள்ளை எங்கே தூங்கும்?

தண்ணீர் பாட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலையில் நிரப்பி அனுப்பிய பாட்டில் மாலையில் முக்கால்வாசி அப்படியே திரும்பி வருவதைப் பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஏன் குடிக்கவில்லை என்று அதட்டினால் முதலில் பதில் வராது. பிறகு மெல்ல வரும்: ‘குடிச்சா பாத்ரூம் போகணும்ல.’ அந்த பாத்ரூமின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தோழி ஒருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். மதியத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் வராது. வாளி இருந்தால் குவளை இருக்காது. அதனால் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை என்று எந்தக் குழந்தை மருத்துவரையும் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வயிற்றுவலி, அதனால் பசியின்மை என்று ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வரும். தண்ணீர் குடிக்கும் பழக்கம் இல்லை என்று இந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு ஒழுக்கப் பாடம் எடுப்பதற்கு முன்னால் ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போட்டிருக்கலாம்.

கம்பங்கூழுக்கு ஒரு வார்த்தை. சிறுதானியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து கடைகளில் ராகி பிஸ்கட், கம்பு குக்கீஸ், தினை லட்டு என்று குவிகிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் முன்னால் நிற்க, தானியம் பின்னால் எங்கோ பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பாரம்பரியம் என்று அச்சிட்டால் விலை இரண்டு மடங்கு. கூழ் குடிக்கச் சொல்பவர், அதைக் கரைத்து வைக்க முந்தின நாள் மாலையே யார் நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். எழுதத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்வதாக அவர் அடுத்த இதழில் திரிப்பார், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் வீட்டில் ஒருத்தி மட்டும் இல்லை. சனிக்கிழமை இரவு பரோட்டாவும் சால்னாவும் பொட்டலம் கட்டிவரும் அப்பா உண்டு. பேரன் அழுவதற்கு முன்பே ஐந்து ரூபாய் பாக்கெட்டைப் பிரித்து நீட்டும் தாத்தா உண்டு. சோபாவில் சாய்ந்துகொண்டு ரீல்ஸ் பார்த்தபடியே ‘டேய், அந்தத் தண்ணிய எடுத்துட்டு வா’ என்று மகனை ஏவிவிட்டு, அவன் போனை எடுத்தால் கத்தும் பெரியவர்கள் உண்டு. பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை, செய்வதைக் கவனிக்கிறார்கள். ஒரே கீரை, ஒரே குழம்பு எல்லாருடைய தட்டிலும் விழுந்து, அப்பாவும் முகம் சுளிக்காமல் தின்று, டிவி அணைந்திருக்கும் வீட்டில் பாதிச் சண்டை நடக்காது. வாங்கி வைக்காத பிஸ்கட்டைப் பிள்ளை கேட்டு அழுவதும் ஒரு வாரம்தான். ஆனால் ஊரே பாக்கெட்டால் நிறைந்திருக்க, மைதானம் பூட்டிக் கிடக்க, அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை மாட்டியிருக்க, ஒரு வீடு மட்டும் தனியாக எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் 2012 வாக்கில் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தபோது அம்மாக்களுக்கு அறிவுரைப் புத்தகம் அச்சடிப்பதோடு நிற்கவில்லை. பள்ளிகளில் பழச்சாற்றை நிறுத்தித் தண்ணீரைக் கொண்டுவந்தது, பிள்ளைகள் விளையாட இடமும் நேரமும் ஒதுக்கியது, நகரத் திட்டமிடுவோரையும் கடைக்காரர்களையும் கூட்டத்துக்கு அழைத்தது. அதிக எடையுள்ள பிள்ளைகளின் விகிதம் அங்கே இறங்கத் தொடங்கியது.

நம் ஊரிலும் அதற்கு ஒரு இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தபோதே பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றை ஏற்படுத்தியது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். அந்தக் கூட்டத்தில் கழிப்பறைக் கதவையும், வாசலிலிருந்து ஐம்பது மீட்டரையும், காணாமல்போன பி.டி. பீரியடையும், மாலையில் பூட்டப்படும் மைதானத்தையும் பற்றிக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். கட்டுரையாளருக்கு அரசாங்கக் கோப்பு எந்த மேஜையில் தூங்கும், யார் கையெழுத்து போட்டால் விழிக்கும் என்பது அத்துப்படி. ஓய்வு நேரமும் இருக்கிறது. தன் பேரப்பிள்ளை படிக்கும் பள்ளியில் அல்ல, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசுப் பள்ளியில் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்துக்கொண்டு ஒருநாள் வரட்டும். அங்கேயும், கூலி வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அனேகமாக அம்மாக்களாகத்தான் இருப்பார்கள். களைத்துப்போன அப்பாக்களைக் கூட்டி வரும் வேலையை அவரே எடுத்துக்கொள்ளலாம்.